எதிர்ப்பக்கம் யாரும் உட்கார வேண்டாம்

ஆர்.கே.புரம், புது தில்லி
24 நவம்பர் 2024

அன்புள்ள விசாலம்,

நீ போன பிறகு ரஜாய்ப் போர்வை பெட்டியை விட்டு வெளியே வந்தது, ஃபேன் ஓய்வுக்குப் போனது, ஷ்ரேயாவுக்கு ஜலதோஷம் வந்துவிட்டுப் போய்விட்டது. இந்த மூன்றையும் தவிர இங்கே புதிதாக ஒன்றுமில்லை. உன் பனிமலை ஆஸ்பத்திரியில் உனக்குக் காய்ச்சல் வராமல் இருந்தால் சரி. மற்றவர்களுக்கு ஊசி போடுகிறவளுக்கு யார் ஊசி போடுவது?

ஞாயிற்றுக்கிழமை ராணுவ லைனில் நீ பேசும் அந்தச் சில நிமிடங்களும் ஷ்ரேயாவுக்குத்தான். நான் வாங்கிப் பேசினால் இரண்டாவது வாக்கியத்தில் சண்டை வருகிறது. அதனால் நமக்குக் கடிதமே நல்லது. இன்னொரு வசதியும் உண்டு. நம் மகாராணிக்குத் தமிழ் படிக்க வராது. மேஜைமேல் விரித்துப் போட்டே எழுதலாம்.

இப்போது முக்கியமான சங்கதி. நானும் நண்பன் கிருஷ்ணபிரசாத்தும் லீவு நாட்களில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகத் தூக்கிக்கொண்டு போகும் எங்கள் 'செய்து பார்' விஞ்ஞானப் பெட்டியை நீதான் 'குப்பை மூட்டை' என்பாய். போன வாரம் மோதி பாக் பள்ளிக்கூடத்தில் அந்தக் குப்பை மூட்டையிலிருந்து அவித்த முட்டையை எடுத்துப் பாட்டிலுக்குள் போக வைத்தோம். பிள்ளைகள் போட்ட கூச்சலில் ஹெட்மாஸ்டர் ஓடி வந்துவிட்டார். இந்தப் பொங்கலுக்கு நம் தமிழ்ச் சங்க விழாவில் மேடையே எங்களுக்கு. முட்டையும் பலூனும் போதாது, பெரிதாக ஒன்று செய்யப் போகிறோம்.

குண்டு எறிகிறவர்கள் எறியும் இரும்புக் குண்டு, ஏழு கிலோ. அதில் கிருஷ்ணபிரசாத் ஒரு வளையம் வெல்டிங் வைத்துக் கொடுத்தான். அதைக் கம்பியில் கட்டி உயரத்திலிருந்து தொங்கவிட வேண்டும். ஒருவர் சுவரோரம் நின்று குண்டைத் தன் மூக்கு நுனிவரை இழுத்துப் பிடித்து, தள்ளாமல் அப்படியே கையை விட வேண்டும். குண்டு எதிர்ப்பக்கம் போய், முகத்தை நோக்கித் திரும்பி வரும். பார்க்கிறவர்களுக்கு உயிர் போய்விடும். ஆனால் புறப்பட்ட இடத்தைத் தாண்டி ஒரு நூல்கூட வராது. மூக்குக்கு முன்னால் நின்று, திரும்பிப் போய்விடும். நிற்பவர் அசையாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

நிற்கப் போவது ஷ்ரேயா. பதினொரு வயதுப் பெண் நின்றால்தான் சபை வாய் பிளக்கும். நம் ஹாலில் ஃபேனைக் கழற்றிவிட்டு அந்தக் கொக்கியிலேயே குண்டை மாட்டிப் பழகுகிறோம். நீ பயப்படுவாய் என்று தெரியும். நாம் வருவதற்கு முன்னாலிருந்தே ஃபேனைத் தாங்கிய கொக்கி அது. குண்டு ஃபேனைவிடக் கனமில்லை. கணக்குப் பொய் சொல்லாது.

உன்,
ஜம்பு


மேற்பார்வை: 56 ஏ.பி.ஓ. (ராணுவத் தபால்)
6 டிசம்பர் 2024

ஜம்பு அவர்களுக்கு,

கோபமாக இருப்பதால் 'அவர்கள்' போட்டிருக்கிறேன்.

பேனா மை உறைந்து போகிறது. அக்குளில் வைத்துச் சூடாக்கி நாலு வரி எழுதுகிறேன், மறுபடி அக்குளில் வைக்கிறேன். இத்தனை பாடுபட்டு உங்களைத் திட்ட வேண்டியிருக்கிறது.

என்னைக் கேட்காமல் என் பெண்ணின் முகத்துக்கு நேரே ஏழு கிலோ இரும்பைத் தொங்கவிட்டிருக்கிறீர்கள். கேட்டால் கணக்கு என்பீர்கள். குண்டு கணக்குப்படி நடக்கும், சரி. அவள் நடப்பாளா? கேரம் விளையாடும்போது பார்த்ததில்லையா, ஸ்ட்ரைக்கரோடு இவளும் பலகைமேல் பாதி போய்விடுவாள். ஃப்ரிட்ஜ் கதவை என்றைக்காவது மெதுவாக மூடியிருக்கிறாளா? அவளுக்கு எதையும் சும்மா விடத் தெரியாது, தள்ளித்தான் விடுவாள். தள்ளினால் என்ன ஆகும் என்று நீங்களே ஒருமுறை சொல்லியிருக்கிறீர்கள். தள்ளின அளவுக்குக் கூடுதலாகத் திரும்பி வரும். அந்தக் கூடுதல்தான் அவள் மூக்கும் பல்லும்.

போன வாரம் இங்கே ஒரு பையனைக் கொண்டு வந்தார்கள். பனிப்பாளம் ஒன்று பெயர்ந்து தலையில் விழுந்திருக்கிறது. கூட வந்த ஹவில்தார் சொன்னார், அந்தப் பாளத்துக்கு அடியில்தான் தினமும் டீ குடிப்போம், ஒன்றும் ஆனதில்லை என்று. ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது என்றவர்கள்தான் என் வார்டில் கட்டிலுக்குக் கட்டில் படுத்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கட்டுப் போட்டுவிட்டு வந்து உங்கள் கடிதத்தைப் பிரித்தால் அதிலும் அதே பேச்சுதான்.

கல்யாணமான நாளிலிருந்து உங்கள் வாயில் 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று வந்ததே இல்லை. பிரசவ வார்டு வாசலில்கூட வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தீர்கள். பயமில்லாதவரோடு குடித்தனம் பண்ணினால் அவருக்கும் சேர்த்து நானே பயப்பட வேண்டியிருக்கிறது.

நிறுத்திவிடுங்கள். முட்டையை வைத்தே விளையாடுங்கள். மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போனால் அவள் பேரில் ஓர் அர்ச்சனை செய்யுங்கள்.

விசாலாக்ஷி


ஆர்.கே.புரம்
19 டிசம்பர் 2024

விசாலம்,

உன் கடிதம் வந்தது. அதற்கு முன்னாலேயே ஞாயிற்றுக்கிழமை லைனில் உன் கைவரிசையைக் காட்டிவிட்டாய். "பயமா இருந்தா வாய் விட்டுச் சொல்லு, பக்கத்துல இருக்கிறவங்களைக் கூப்பிட்டுப் பிடிச்சுக்கச் சொல்லு, தனியா நிக்காதே" என்று சொல்லியிருக்கிறாய். அன்றைக்குப் பிடித்தது சனி. குண்டை மூக்கருகே கொண்டு போகும்வரை வீராங்கனை. அப்புறம் பயமாம், "பாபா, டர் லக்ரா ஹை" என்று குண்டை என் கையில் கொடுத்துவிட்டு என் ஸ்வெட்டரைப் பிடித்துக்கொள்கிறாள். நன்றாக நின்று பழகியிருந்தவள், விசாலம். அத்தனை நாள் உழைப்பும் உன் ஒரு ஃபோனில் போச்சு.

நீ சொன்னதற்காகவே முதுகுக்குப் பின்னால் ஒரு பலகை வைத்துவிட்டேன். தலையைப் பலகையில் ஒட்டிக்கொண்டு நின்றால் முன்னால் சாய முடியாது. குண்டைத் தள்ளாமல் விட, விரல் நுனியால் மட்டும் பிடிக்கக் கற்றுக் கொடுத்திருக்கிறேன். நீ எழுதியதில் நியாயம் இருந்ததால்தான் செய்தேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நிறுத்து என்றால் எப்படி? சங்கத்து நோட்டீசில் அவள் பேர் அச்சாகிவிட்டது. அதைக் கத்தரித்துக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறாள். நான்கு சுவருக்குள் பயந்து பயந்து வளர்ந்தால் பிறகு எப்போது நிமிர்ந்து நிற்பாள்? குண்டு முகத்துக்கு நேரே வரும்போது, இது என்னைத் தொடாது என்று தெரிந்து நிற்கிற ஒரு விநாடி இருக்கிறதே, அதைத்தான் அவளுக்குக் கொடுக்க ஆசைப்படுகிறேன். நான் அவளுக்கு எதிரி இல்லை.

உன்னைச் சிரிக்க வைக்க ஒன்று சொல்கிறேன். குண்டு ஆடும்போது மேலேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளைப் பொடி உதிர்கிறது. பழைய சுண்ணாம்பு. நேற்று அவள் தலை முழுக்க விழுந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்துவிட்டு, "பாபா, அம்மா இருக்கிற இடத்துல மாதிரி ஸ்னோ!" என்று ஒரே குதி. அந்தக் கோலத்திலேயே ஒரு ஃபோட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். நீ வந்ததும் பார்க்கலாம்.

ஜம்பு


56 ஏ.பி.ஓ.
30 டிசம்பர் 2024

உடனே குண்டை இறக்குங்கள்.

மற்றதைப் பிறகு படியுங்கள். முதலில் எழுந்து போய்க் குண்டைக் கழற்றிக் கீழே வையுங்கள். ஷ்ரேயாவை அந்த ஹாலில் படுக்க வைக்காதீர்கள்.

நீங்கள் வேடிக்கை என்று எழுதிய வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அது சுண்ணாம்பு இல்லை. கொக்கியைச் சுற்றி இருக்கும் காரை. மேல் வீட்டுக் குளியலறைத் தண்ணீர் கசிந்து, அந்தக் கொக்கியைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வட்டம் விழுந்ததே, ஞாபகம் இல்லையா? தீபாவளிக்கு வெள்ளையடித்தபோது அதன்மேலும் அடித்து மூடினோம். வட்டம் மறைந்தது, தண்ணீர் எங்கே போகும்? கொக்கி உள்ளே துருப்பிடித்துக்கொண்டேதான் இருந்திருக்கும்.

ஃபேனைத் தாங்கிய கொக்கி என்று எழுதினீர்கள். நான் விஞ்ஞானம் படித்தவள் இல்லை, நர்ஸ். ஆனால் ஃபேன் ஓர் இடத்தில் தொங்கும், குண்டு வீசும். ஷ்ரேயா குழந்தையாக இருந்தபோது பார்க்கில் ஊஞ்சல் ஆட்டிக்கொண்டே நீங்கள்தான் சொன்னீர்கள், ஊஞ்சல் கீழே வரும்போது உடம்பு கனக்கிறதே, அது பிரமை இல்லை, அப்போது சங்கிலி நிஜமாகவே கூடுதலாகத் தாங்குகிறது என்று. ஊரில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் சொல்கிறவர் நம் வீட்டுக் கொக்கியை மட்டும் எப்படி மறந்தீர்கள்? எல்லோரும் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நானும்தான். ஒருவர்கூட மேலே பார்க்கவில்லை.

இன்னொன்று. குண்டு திரும்பி வரும்போது பிய்ந்தால் என் பெண். போகும்போது பிய்ந்தால் எதிரில் இருக்கிறவர்கள். அங்கே நம் திவான் கட்டில்தானே இருக்கிறது? எதிர்ப்பக்கம் யாரும் உட்கார வேண்டாம். பக்கத்து வீட்டு ப்ரணவ் எப்போதும் அங்கேதான் காலை ஆட்டிக்கொண்டு உட்காருவான். அவன் அம்மா அவனை நம்மை நம்பித்தானே விட்டுவிட்டு வேலைக்குப் போகிறாள்.

இங்கே பனி கொட்டி லைன் அறுந்து கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஃபோன் இல்லை, இனி எப்போது என்றும் தெரியவில்லை. ரோடும் மூடிவிட்டார்கள். நாளை ஹெலிகாப்டர் வந்தால் லீவில் போகும் ஒரு பையன் இதைக் கீழே கொண்டு போய்த் தபாலில் போடுவதாகச் சொல்லியிருக்கிறான். வருமா, வந்தால் அவனுக்கு இடம் இருக்குமா, எதுவும் என் கையில் இல்லை. மேகத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிகிறது.

இது உங்கள் கைக்கு வருவதற்குள் ஒன்றும் நடந்திருக்கக் கூடாது. முருகா, ஒன்றும் நடந்திருக்கக் கூடாது.

விசாலம்


ஆர்.கே.புரம்
2 ஜனவரி 2025

அன்புள்ள விசாலம்,

புது வருட வாழ்த்துகள். ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோன் பண்ணவில்லை. ஷ்ரேயா ஃபோன் பக்கத்திலேயே தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். டிவியில் உங்கள் பக்கம் பனிப்பொழிவு என்று காட்டினார்கள். கோபமில்லை, பனிதான் காரணம் என்று அவளிடம் சொன்னேன். கோபமும் கொஞ்சம் இருக்கலாம் என்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு அவளே ஒரு முடிவு எடுத்துவிட்டாள். "இனிமே பாபா ஸ்வெட்டரைப் பிடிக்க மாட்டேன். வீடியோ எடுத்து வைங்க. அம்மா வந்ததும் காட்டணும்" என்கிறாள். சனிக்கிழமை ஒத்திகை. கிருஷ்ணபிரசாத் ஃபோனோடு வருகிறான். சபை மாதிரி இருக்கட்டும் என்று காலனிப் பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டிருக்கிறாள். எல்லோரையும் எதிரே திவான் கட்டிலில் வரிசையாக உட்கார வைக்கப் போகிறாளாம். நடுவில் ப்ரணவாம். அவன்தான் நன்றாகக் கத்துவானாம்.

நீ பயப்படாதே. வீடியோவைப் பார்த்தால் நீயே சிரிப்பாய்.

ஜம்பு


56 ஏ.பி.ஓ.
12 ஜனவரி 2025

ஹெலிகாப்டரில் உங்கள் கடிதம் வந்தது. திவான் கட்டிலில் வரிசையாக என்று எழுதியிருக்கிறீர்கள்.

சனிக்கிழமை போய் ஒரு வாரம் ஆகிவிட்டது. என் கடிதம் வந்ததா, எப்போது வந்தது, ஒன்றும் தெரியவில்லை. டெபுடேஷனில் வந்த டாக்டரிடம் கேட்டேன், கர்னலிடம் கேட்டேன், லைன் இல்லை என்கிறார்கள். இன்று ஒருவனுக்கு ரத்தம் எடுக்கும்போது நரம்பு கிடைக்காமல் இரண்டு தரம் குத்திவிட்டேன். எனக்கு இப்படி ஆனதே இல்லை. "மேடம், ஆப் டீக் ஹைன்?" என்று அவன் என்னை நலம் விசாரிக்கிறான்.

என்ன நடந்திருந்தாலும் எழுதுங்கள். மறைக்காமல் எழுதுங்கள். அவள் கையெழுத்தில் இந்தியிலாவது ஒரு வரி எழுதச் சொல்லி உள்ளே வையுங்கள்.

இதற்கு மேல் எழுத முடியவில்லை.


ஆர்.கே.புரம்
13 ஜனவரி 2025

விசாலம்,

ஷ்ரேயா நன்றாக இருக்கிறாள். ப்ரணவ் நன்றாக இருக்கிறான். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. இதை முதலில் எழுதிவிட வேண்டும் என்று கிருஷ்ணபிரசாத் சொன்னான்.

உன் டிசம்பர் முப்பதாம் தேதிக் கடிதம் இன்று மத்தியானம்தான் வந்தது. அதற்கு முன்னால் கன்டோன்மென்டில் உன் பழைய ஆஸ்பத்திரிக்குப் போய், உனக்கு எப்படியாவது ஒரு செய்தி சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அங்கேயும் லைன் இல்லை என்றுதான் சொன்னார்கள்.

நாலாம் தேதி சனிக்கிழமை நடந்ததை இத்தனை நாள் எழுத வராமல் இருந்தேன், இப்போது சொல்கிறேன். நான் பெரிய ஆள் மாதிரி பேசியதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பிள்ளைகள் வந்து திவானில் உட்கார்ந்தார்கள். நடுவில் ப்ரணவ், காலை ஆட்டிக்கொண்டு. கிருஷ்ணபிரசாத் ஜன்னலோரம் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஷ்ரேயா பலகையில் தலையை ஒட்டி நின்று குண்டை மூக்குவரை கொண்டு போனாள். விரல் நுனியில் சரியாகத்தான் பிடித்திருந்தாள். அப்போது மேலேயிருந்து பொடி உதிர்ந்து அவள் கண்ணில் விழுந்தது. அவள் குண்டை விடவில்லை. உதடு கோணிக்கொண்டது.

"பாபா, டர் லக்ரா ஹை. மொதல்ல நீங்க நில்லுங்க."

எனக்கு எரிச்சல். பிள்ளைகளுக்கு முன்னால் இப்படிச் செய்கிறாளே என்று. "சரி, தள்ளு. எப்படி நிக்கணும்னு பாரு" என்று அவள் இடத்தில் நான் போய் நின்றேன். குண்டை என் மூக்குவரை ஏற்றினேன். என் மூக்கு அவள் மூக்கைவிட எவ்வளவு உயரம்! அவ்வளவு உயரத்திலிருந்து குண்டு அதுவரை ஆடியதே இல்லை. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

விடப் போனேன். ஷ்ரேயா, "ருக்கோ, ருக்கோ!" என்று நிறுத்தச் சொல்லிக் கத்திக்கொண்டு திவானிடம் ஓடினாள்.

"எல்லாரும் எந்திரிங்க. ஜல்தி! பாபாவைப் பின்னாடி பிடிச்சுக்கணும். தனியா நின்னா பாபாவுக்குப் பயமா இருக்கும்."

நான் சிரித்தேன், விசாலம். "எனக்கென்ன பயம், உக்காருங்கடா" என்றேன். அவள் கேட்கவில்லை. நீ ஃபோனில் சொல்லிக் கொடுத்ததை எனக்குச் செய்தாள். ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இழுத்து வந்து என் பலகையின் இரண்டு பக்கமும் சுவரோரமாக நிறுத்தினாள். ப்ரணவ் எழ மாட்டேன் என்று அடம் பிடித்தான். அவனைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டாள். ஆறேழு கைகள் என் ஸ்வெட்டரைப் பிடித்துக்கொண்டன. அவள் என் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். நான் வலது கையால் குண்டை விட்டேன்.

அது கீழே வந்து நடு ஹாலைத் தாண்டிய நொடியில் மேலே ஒரு சத்தம் கேட்டது. கூரையில் ஒரு பெரிய துண்டு பெயர்ந்து கொக்கியோடு வந்தது. குண்டு கம்பியையும் கொக்கியையும் இழுத்துக்கொண்டு நேரே போய், தரையில் ஒரு தரம் குதித்து, திவானின் முன்பலகையை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. அப்புறம் ஒரே தூசி. யாரும் கத்தவில்லை. நன்றாகக் கத்துவான் என்று கூட்டி வந்த ப்ரணவ்கூடக் கத்தவில்லை.

தூசி அடங்கியதும் போய்ப் பார்த்தேன். அவனைத் தூக்கியபோது கழன்று விழுந்த செருப்பு ஒன்று திவானுக்கு அடியில் கிடந்தது. சின்ன நீலச் செருப்பு. அது நசுங்கியிருந்தது. கொக்கியைக் கையில் எடுத்தேன். மேலே புதைந்திருந்த பகுதி குச்சியாக இளைத்துப்போய், விரலால் தேய்த்தாலே உதிர்ந்தது.

அந்தச் செருப்பை எடுத்துக்கொண்டு அவன் அம்மாவிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. பையனை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, அவன் காலை மட்டும் தடவிக்கொண்டே இருந்தாள். திட்டியிருந்தால் எழுந்து வந்திருப்பேன். அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

சங்கத்தில் குண்டு கிடையாது என்று சொல்லிவிட்டேன். முட்டையும் பலூனும்தான். ஷ்ரேயா தன் பேரை ஒட்டிய நோட்டீசைக் கண்ணாடியிலிருந்து எடுக்கவில்லை. முட்டையை அவள்தான் செய்யப் போகிறாளாம். கூரையைப் பார்க்கக் காலனி என்கொயரி ஆபீசிலிருந்து ரிப்பேர் ஆட்கள் வந்து போனார்கள். சரிசெய்து முடிக்கும்வரை நாங்கள் உள் அறையில் இருக்கிறோம். அங்கேயும் நான் ஃபேனுக்கு அடியில் படுப்பதில்லை. ஆபீசில் என் மேஜையைச் சுவரோரம் நகர்த்திக்கொண்டேன். ஏன் என்று கேட்டார்கள், வெளிச்சம் என்று பொய் சொன்னேன்.

இன்று உன் கடிதத்தைப் படித்தபோது ஷ்ரேயா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "அம்மா என்ன எழுதியிருக்காங்க?" என்றாள். முதல் தடவையாக அவளுக்கு உன் கடிதம் ஒன்றை முழுக்க வாசித்துக் காட்டினேன். எதிர்ப்பக்கம் யாரும் உட்கார வேண்டாம் என்ற வரி வந்ததும் என்னால் தொடர முடியவில்லை. அவள் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். பிறகு கேட்டாள், "பாபா, அன்னிக்கு உங்களுக்கு நெஜமாவே பயமா இல்லையா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உன் மலையில் உன் தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கூரையா, தகரமா, பனிப்பாளமா? ஒரு நாளும் கேட்டதில்லை. நாள் முழுக்க இப்போது அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். லைன் என்றைக்குச் சரியாகிறதோ அந்த ஞாயிற்றுக்கிழமை, ஷ்ரேயாவிடம் பேசுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் என்னிடம் பேசு. அவளிடம் சொல்லிவிட்டேன், சரி என்றாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது, விசாலம்.

ஜம்பு